முதல் அடுக்கோடு நின்ற மெர்ஜ்

பைத்தானில் இரண்டு டிக்ஷனரிகளை ஒன்றாக்க என்ன வழி என்று, நேர்காணலுக்கு வருகிறவர்களிடம் கேட்பது என் வழக்கம். எந்தக் காலத்துப் பைத்தானில் கை பழகியவர் என்பது பதிலிலேயே தெரிந்துவிடும்.

பழைய ஆட்கள் அப்டேட் மெத்தடைச் சொல்வார்கள். 1990களிலிருந்தே இருப்பது அது. முதல் டிக்ஷனரியையே மாற்றிவிடும் என்பதால், புதிதாக ஒன்று வேண்டுமென்றால் முன்கூட்டியே காப்பி எடுக்க வேண்டும். அந்த ஒரு வரியை மிச்சம் பிடிக்க, டிக்ட் ஃபங்ஷனுக்குள் இரண்டாவதை இரட்டை நட்சத்திரம் போட்டுத் தள்ளும் குறுக்குவழி பரவியது. மொழியை உருவாக்கிய கைடோ வான் ராசமுக்கு அது அறவே பிடிக்கவில்லை. பைத்தான் 3, இரண்டாவதன் கீ எல்லாம் ஸ்ட்ரிங்காக இருந்தால்தான் ஆயிற்று என்று கறாராகிவிட்டது. 2012இல் 3.3 பதிப்போடு செயின்மேப் வந்தது. அது எதையும் காப்பி எடுக்காது. ஒன்றில் இல்லாததை அடுத்ததில் தேடும். 2015இல் 3.5 பதிப்பு நெளிவு அடைப்புக்குள்ளேயே இரட்டை நட்சத்திரத்தை அனுமதித்தது. 2020 அக்டோபரில் 3.9 பதிப்பு பைப் குறியைக் கொடுத்தது.

பைப் சுலபத்தில் வரவில்லை. ஸ்டீவன் டி'அப்ரானோவும் பிராண்ட் புக்கரும் 2019இல் முன்வைத்த பெப் 584 முதலில் கேட்டது கூட்டல் குறியை. கூட்டினால் எதுவும் தொலையக் கூடாதே, இங்கே ஒரே கீ இரண்டிலும் இருந்தால் பழைய மதிப்பு போய்விடுகிறதே என்று ஆட்சேபம் கிளம்பியது. மோதினால் எரர் கொடுக்கலாமா, மதிப்புகளைக் கூட்டலாமா, லிஸ்ட்டாகச் சேர்க்கலாமா என்றெல்லாம் அலசி, குறியைப் பைப்பாக மாற்றி, கடைசியில் வந்த மதிப்பே நிற்கும் என்று முடித்தார்கள்.

இத்தனை வழியிலும் ஒன்றுகூட முதல் அடுக்கைத் தாண்டுவதில்லை. பொதுக் கான்ஃபிக்கில் 'டேட்டாபேஸ்' என்ற கீக்குள் ஹோஸ்ட், போர்ட் 5432, டைம்அவுட் மூன்றும் இருக்கின்றன என்று வையுங்கள். புரொடக்ஷன் கான்ஃபிக் அதே கீக்குள் ஹோஸ்டை மட்டும் தருகிறது. பைப் போட்டு இணைத்தால் போர்ட்டும் டைம்அவுட்டும் காணாமல் போகும். எரர் ஒன்றும் வராது.

அதனால்தான் ஏறக்குறைய எல்லா புராஜெக்டிலும் பத்து வரியில் ஒரு டீப் மெர்ஜ் ஃபங்ஷன் கிடக்கிறது. இரண்டாவதன் கீகளை மட்டும் சுற்றி வர வேண்டும். இரு பக்கமும் டிக்ஷனரி என்றால் உள்ளே இறங்க வேண்டும். இல்லையென்றால் புது மதிப்பை வைக்க வேண்டும். பலர் பயந்துகொண்டு முதலிலேயே டீப்காப்பி அடிக்கிறார்கள். ஆயிரம் கீயில் இரண்டு மாறினாலும் ஆயிரமும் நகலாகும். இறங்கும் பாதையிலுள்ள டிக்ஷனரிகளை மட்டும் மேலோட்டமாகக் காப்பி எடுத்தால் போதும். தொடாத கிளைகளைப் பழையதும் புதியதும் பகிர்ந்துகொள்ளலாம், பிறகு யாரும் அவற்றைத் திருத்தாத வரை.

டீப் மெர்ஜை ஏன் மொழியே செய்து தரவில்லை? உள்ளே லிஸ்ட் இருந்தால் மாற்றுவதா, ஒட்டுவதா? வெற்று மதிப்பு வந்தால் அழிப்பதா, அப்படியே வைப்பதா? 2014இல் வந்த ஜேசன் மெர்ஜ் பேட்ச் தரநிலை, லிஸ்ட்டை முழுதாக மாற்றச் சொன்னது; 'நல்' வந்தால் கீயையே அழிக்கச் சொன்னது. சர்வர்களை அமைக்கும் கருவியான அன்சிபிளோ, நாமாகக் கேட்டாலொழிய உள்ளே இறங்குவதே இல்லை. அவரவர் வேலைக்கு அவரவர் விதி சரி. எல்லோருக்குமாக ஒன்றை மொழி தீர்மானித்திருந்தால் பாதிப் பேருக்கு அது தப்பாகவே இருந்திருக்கும்.

எங்கள் டீமில் டீப் மெர்ஜ் ஃபங்ஷனின் தலையில் லிஸ்ட், வெற்று மதிப்பு பற்றிய இந்த இரண்டு கேள்விக்கும் பதில் எழுதியிருக்க வேண்டும். இல்லாமல் ரிவ்யூவுக்கு வந்தால், எவ்வளவு வேகமாக ஓடினாலும் நான் அப்ரூவ் கொடுப்பதில்லை.