ஃபர்னஸ் ஃபில்டரும் மாற்ற முடியாத ஃபில்டரும்: ஒரு குட்டி வரலாறு

1/ இருமலோடு ஓபிக்கு வருகிறவர்களிடம் நான் கேட்கும் முதல் கேள்வி "எத்தனை நாளா?" இல்லை. "எங்க வேலை பாக்குறீங்க?"

ஒரு அண்ணன் சொன்னார்: "கும்மிடிப்பூண்டில ஃபர்னஸ்ல டாக்டர். வீட்ல புள்ளைக்கும் இருமல். ஏர் ப்யூரிஃபையர் ஒண்ணு வாங்கிடவா?"

ஓபி கூட்டத்துல ரெண்டு வரியில பதில் சொல்லி அனுப்பிட்டேன். முழு பதில் இந்த இழையில்.

2/ அந்த முதல் கேள்வி என்னுடையது இல்லை. இத்தாலிய மருத்துவர் ரமாசினி, தொழிலாளர்களின் நோய்கள் பற்றி 1700ல் ஒரு புத்தகம் எழுதினார். நோயாளியிடம் வழக்கமா கேட்கிற கேள்விகளோட "என்ன தொழில் செய்கிறாய்?" என்பதையும் கேளுங்கள் என்றார் அதில்.

3/ அதுக்கும் 1600 வருஷம் முன்னாடி ரோமில் பிளினி ஒன்றைக் குறித்து வைத்தார். சிவப்புச் சாயத்துக்காக பாதரசத் தாதுவை அரைத்தவர்கள், தூசி உள்ளே போகாமல் இருக்க விலங்கின் சிறுநீர்ப்பைத் தோலை முகத்தில் கட்டிக்கொண்டார்களாம்.

கவனிங்க. தூசியைத் தடுக்கும் பொறுப்பு அன்னைக்கே தொழிலாளி முகத்துலதான் இருந்தது.

4/ 1870, லண்டன். இருட்டு அறையில் ஒளிக்கற்றை பாய்ச்சி, அதில் மிதக்கும் தூசியைக் காட்டினார் ஜான் டிண்டல். அந்த ஒளியின் குறுக்கே மூச்சை விட்டார். மூச்சின் கடைசிப் பகுதி வந்தபோது ஒளிக்கற்றையில் கருப்பா ஒரு ஓட்டை! ஏன்னா அந்தக் காற்றில் தூசியே இல்லை.

தூசி எங்க போச்சு? நுரையீரலிலேயே தங்கிவிட்டது. நுரையீரலே ஒரு ஃபில்டர்தான்.

5/ அடுத்த வருஷமே பஞ்சு, கிளிசரின், கரி வைத்து தீயணைப்பு வீரர்களுக்கு ஒரு சுவாசக்கருவி செய்தார். பஞ்சு தூசியைப் பிடிக்கும், கரி வாயுவைப் பிடிக்கும். இன்றைய ப்யூரிஃபையரின் தாத்தா அது.

6/ பேரன் பிறந்தது 1940களில். அணுகுண்டுத் திட்டத்தில் கதிரியக்கத் தூசியைப் பிடிக்க உருவானதுதான் ஹெப்பா ஃபில்டர். 0.3 மைக்ரான் துகள்களில் 99.97% நிற்கும்.

கொடுமை என்னன்னா, ஆரம்பகால ஹெப்பா காகிதத்திலேயே ஆஸ்பெஸ்டாஸ் இழை இருந்தது. பின்னாடிதான் கண்ணாடி இழைக்கு மாறினாங்க.

7/ இப்ப நம்ம ஊர். இண்டக்‌ஷன் ஃபர்னஸில் பழைய இரும்பை உருக்குகிறார்கள். அதில் துத்தநாகம் பூசிய தகடு, பெயிண்ட், எண்ணெய் எல்லாம் சேர்ந்து வரும். ஸ்கிராப்பை உள்ளே போடும்போதுதான் புகை அதிகம்.

துத்தநாகப் புகை பட்டால் சாயந்திரம் குளிர் ஜுரம் வரும், ஒன்றிரண்டு நாளில் சரியாகிடும். வைரல் ஜுரம்னு நினைச்சிடுவாங்க. ஃபர்னஸ் உள்பூச்சில் இருக்கும் சிலிக்கா தூசி அப்படி இல்லை. அது தரும் தழும்பு ஆறாது. காசநோய் வரும் வாய்ப்பும் கூடும்.

8/ இதுக்கு ஆலையில் வைப்பது பேக் ஃபில்டர். பெரிய ஃபேன் புகையை உறிஞ்சும். தலையணை உறை மாதிரி நீளமான துணிப்பைகள் தூசியைப் பிடிக்கும். அழுத்தக் காற்று அடித்து அதைக் கீழே உதிர்ப்பார்கள்.

ஒரு பை கிழிஞ்சாலும் அந்த வழியா தூசி வெளியே. பைகள் அடைச்சுக்கிட்டா உறிஞ்சுவது குறைந்து புகை ஷெட்டுக்குள்ளேயே நிற்கும்.

9/ காற்று மாசு தடுப்புச் சட்டம் 1981லேயே வந்துவிட்டது. ஃபில்டர் இருந்தா மட்டும் போதாது, அதை ஓட்டணும்.

"உங்க கம்பெனில ஃபில்டர் இல்லையா?"ன்னு அந்த அண்ணனைக் கேட்டேன். "இருக்கு டாக்டர். பை கிழிஞ்சு மாசக்கணக்காச்சு" என்றார்.

10/ வீட்டுக்கு வருவோம்.

✅ ஏசியில் இருக்கும் வலை பெரிய தூசியைத்தான் பிடிக்கும், பி.எம் 2.5ஐ அல்ல. ஆனாலும் ரெண்டு வாரத்துக்கு ஒருமுறை கழுவுங்க.
✅ ப்யூரிஃபையர் வாங்கினா ஹெப்பா இருக்கணும், அறை அளவுக்குப் பொருந்தணும். ஹெப்பாவைப் பொதுவா கழுவக்கூடாது, மாத்தணும். வாங்கும் முன்பே மாற்று ஃபில்டர் விலையைக் கேளுங்க.
✅ வேலை உடுப்போட குழந்தையைத் தூக்காதீங்க. ஆலையிலேயே குளித்து மாற்றிட்டு வாங்க. அந்த உடுப்பைத் தனியா துவைங்க.
✅ வீட்டைப் பெருக்குறதைவிட ஈரத்துணியால் துடைப்பது மேல்.
✅ 2 வாரம் தாண்டிய இருமலா? முதல்ல சளிப் பரிசோதனை. அரசு மருத்துவமனையில் இலவசம்.

11/ அண்ணனுக்கு நான் சொன்ன ரெண்டு வரி இதுதான்: "ப்யூரிஃபையர் அப்புறம் பாக்கலாம். முதல்ல உங்களுக்கும் புள்ளைக்கும் இருமலுக்கு டெஸ்ட், உங்களுக்கு எக்ஸ்ரே."

கிழிந்த பையை மாற்றும் பொறுப்பு அவருடையது இல்லை. அது ஆலை நிர்வாகத்துடையது. கேட்க வேண்டிய இடம் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் மாவட்ட அலுவலகம்.

ஏசி வலையைக் கழுவலாம், ஹெப்பாவை மாத்தலாம், பேக் ஃபில்டருக்குப் புதுப் பை போடலாம். டிண்டல் ஒளியில் காட்டின அந்த ஃபில்டருக்கு மட்டும் ஸ்பேர் கிடையாது மக்களே 🙏