போகாத ஊருக்குத் திரும்பியவர்கள்

பதுளைப் பக்கத்துத் தோட்டங்களில் வயசானவர்கள் "அவங்க ஊருக்குப் போயிட்டாங்க" என்று சொன்னால், அந்த ஊர் பண்டாரவளையோ கொழும்போ இல்லை. இந்தியா. சொல்கிறவரும் சரி, போனவரும் சரி, பெரும்பாலும் அந்த ஊரை அதுக்கு முன்னால் ஒரு நாளும் பார்த்ததில்லை. பாட்டன் கதையில் கேட்ட பேர் அது. திருச்சிப் பக்கம், புதுக்கோட்டைப் பக்கம், சேலத்துப் பக்கம் என்று 'பக்கம்' மட்டும்தான் மிஞ்சியிருக்கும்.

தமிழ்நாட்டு அரசாங்கக் காகிதங்களில் இவர்களுக்குப் பேர் 'தாயகம் திரும்பியோர்'. நாங்கள் இதை எழுத உட்கார்ந்ததே அந்தத் 'திரும்பியோர்' என்ற சொல்லால்தான். பசறையிலோ லுணுகலையிலோ பிறந்து, அங்கேயே பேர் பதிந்து கொழுந்து பறித்து, முப்பது வயசில் முதல் தடவையாக இராமேஸ்வரத்தில் கால் வைக்கிற ஒருத்தி எங்கே திரும்புகிறாள்? அவளுக்கு அது வெளிநாட்டுப் பயணம். வெளிநாடு போகிற எல்லோருக்கும் வருகிற திகைப்பு அவளுக்கும் வந்திருக்கும். ஆனால் மற்றப் பயணிகள் மாதிரி அவளால் அதை வாய்விட்டுச் சொல்ல முடியாது. சொந்த நாட்டுக்கு வந்துவிட்டு எல்லாம் அந்நியமாக இருக்கிறது என்று யாரிடம் போய்ச் சொல்வது?

பின்னணியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறோம். 1947 தேர்தலில் பதுளைத் தொகுதி எஸ். எம். சுப்பையாவைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பியது. மலையகத் தமிழர் வாக்குப் போட்டு அந்தத் தேர்தலில் வந்த ஏழு இலங்கை இந்தியன் காங்கிரஸ்காரர்களில் அவர் ஒருவர். அடுத்த வருஷமே 1948-இன் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் வந்தது. 1949இல் வாக்குரிமையும் போனது. பிறகு 1964 ஒக்டோபர் 30இல் சிறிமாவோ பண்டாரநாயக்கவும் லால் பகதூர் சாஸ்திரியும் கையெழுத்துப் போட்டார்கள். 975,000 பேர் என்று கணக்கு. இந்தியாவுக்கு 525,000, இலங்கைக்கு 300,000. மிச்சம் 150,000 பேரைப் பற்றிப் பிறகு பேசலாம் என்று விட்டார்கள். 1974இல் இந்திரா காந்தி காலத்தில் அவர்களையும் ஆளுக்குப் பாதியாக, எழுபத்தையாயிரம் எழுபத்தையாயிரமாகப் பிரித்தார்கள். பட்டியில் ஆடு பிரிக்கிறபோதுகூட இதைவிட அதிக நேரம் பேசுவார்கள்.

எல்லோரையும் பிடித்துத் தள்ளி அனுப்பினார்கள் என்று சொல்ல வரவில்லை. விரும்பி மனுப் போட்டவர்கள் நிறையப் பேர். 1970களில் தோட்டங்களை அரசாங்கம் எடுத்தது, 73-74 பஞ்சம், 1977 கலவரம் என்று ஒன்றுக்குப் பின் ஒன்றாக வந்தன. வயிறு காய்ந்தவனுக்கும், லயத்துக்கு நெருப்பு வைத்ததைப் பார்த்தவனுக்கும் 'விருப்பம்' என்ற சொல்லுக்கு எவ்வளவு இடம் இருந்திருக்கும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

கண்டியிலுள்ள இந்திய உதவி உயர் ஸ்தானிகராலயத்தில் பாஸ்போர்ட், குடும்ப அட்டை. அப்புறம் கோச்சி. ரயில் பாதை பதுளைக்கு வந்தது 1924இல். கொழுந்தும் தூளும் கொண்டுபோகப் போட்ட பாதை, ஐம்பது வருஷத்துக்குப் பிறகு அதைப் பறித்த ஆட்களைக் கொண்டுபோனது. நிலையங்களில் எழுந்த அழுகையால் அந்தக் கோச்சிக்கு 'ஒப்பாரிக் கோச்சி' என்றே பேர் வந்தது. மு. சிவலிங்கம் தன் சிறுகதைத் தொகுதி ஒன்றுக்கு அதையே தலைப்பாக வைத்தார்.

அந்தப் பாதையை ஒரு தடவை மனசுக்குள் ஓட்டிப் பாருங்கள். தெமோதரை, எல்ல, பண்டாரவளை, அப்புத்தளை. பட்டிப்பொலவில் 1,898 மீட்டர் உயரம். அங்கேயிருந்து இறங்கி, பொல்கஹவெலவில் வடக்குப் பாதைக்கு மாறி, அநுராதபுரம், மதவாச்சி, மன்னார், தலைமன்னார். தோட்டத்தையும் பதுளை டவுனையும் தாண்டிப் போகாதவர்கள் அதில் எத்தனையோ பேர். வன்னியின் காய்ந்த காட்டையும் குளங்களையும் கடலையும் அவர்கள் முதன்முதலாகப் பார்த்தது அந்த ஜன்னலில்தான். இலங்கையை முழுசாகச் சுற்றிப் பார்த்தது, இலங்கையை விட்டுப் போகிற அன்றைக்கு.

தலைமன்னாரில் 'இராமானுஜம்' கப்பல். முந்திய காலத்தில் கப்பல் தனுஷ்கோடிக்குப் போகும். ஒப்பந்தம் போட்டு இரண்டு மாசம் ஆகுமுன்னே, 1964 டிசம்பர் புயலில் தனுஷ்கோடி அழிந்துபோனது. அதனால் இறங்கினது இராமேஸ்வரத்தில். கோயிலும் அதன் நீண்ட பிரகாரமும் இருபத்திரண்டு தீர்த்தமும்தான் பலர் இந்தியாவில் பார்த்த முதல் காட்சி. காசி இராமேஸ்வரம் என்று கேட்டு வளர்ந்தவர்களுக்கு அது சின்ன விஷயமில்லை. ஆனால் கூடவே வெயில், மணல், உப்புத் தண்ணி. கம்பளியைச் சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டு வந்தவர்கள் அதை என்ன செய்வதென்று தெரியாமல் நின்றார்கள்.

பிறகு மண்டபம் முகாம். இதுதான் எங்களை அதிகம் உலுக்கிய இடம். வெள்ளைக்காரன் காலத்தில் இலங்கைத் தோட்டங்களுக்கு வந்த ஆட்களை நிறுத்தி, நோய் பார்த்து அனுப்ப, இலங்கை அரசாங்கம் நடத்திய முகாம் அது. பாட்டனை நிறுத்தி வைத்துச் சோதித்த அதே இடத்தில் பேத்தி, கையில் குடும்ப அட்டையோடு வரிசையில் நின்றாள்.

அதிர்ச்சியில் வெயிலும் தண்ணியும் சின்னப் பங்குதான். எங்கள் வீடுகளில் சில பெட்டிகளுக்கு அடியில் இன்னும் கிடக்கிற நீல வான்கடிதங்களைப் படித்தால், பெரிய பங்கு எதுவென்று புரிகிறது. தோட்டத்தில் விடிகாலையில் தப்புச் சத்தம் கேட்கும், பிரட்டுக்களத்தில் பேர் கொடுத்தால் வேலை உண்டு. கூலி அற்பம், லயம் ஒரு காம்பராதான். ஆனாலும் நாளைக்கு எங்கே போய் நிற்க வேண்டும் என்று தெரியும். தமிழ்நாட்டுச் சமவெளியில் தப்பு அடித்து எழுப்ப யாரும் இல்லை. வேலையைத் தானே தேட வேண்டும். வாழ்நாளில் தராசு பிடிக்காதவர்களுக்கு வியாபாரக் கடன் கொடுத்து, கடை வை என்றார்கள். எத்தனை கடை நிலைத்தது என்று கேட்காமலிருப்பது நல்லது.

மொழி ஒன்றுதானே என்று நினைப்போம். அதுதான் காட்டிக்கொடுத்தது. ரயிலைக் கோச்சி என்றதும், ரொட்டிக்கடையில் பாண் கேட்டதும், டீயைத் தேத்தண்ணி என்றதும் எதிரில் நிற்பவர் ஏற இறங்கப் பார்த்துவிடுவார். தேத்தண்ணியைப் பற்றி ஒன்று. தேயிலையோடு பிறந்து வளர்ந்த இவர்கள் வெறும் சாயத்தண்ணி குடித்துப் பழகியவர்கள். அங்கே பால் சேர்க்காத டீ என்றால் ஏழையின் டீ. பாட்டனின் கிராமத்தைத் தேடிப் போனவர்களிடம் முதலில் வந்த கேள்வி, "நீங்க என்ன ஆளுங்க?" லயத்திலும் சாதி இருந்தது, இல்லையென்று பொய் சொல்ல மாட்டோம். ஆனால் தெருவையும் கிணற்றையும் பிரிக்கிற அளவுக்கு அதை லயத்தில் வைத்திருக்க இடம் போதாது.

இன்னொரு வேடிக்கை. அந்த நாட்களில் தமிழ்நாட்டு டீக்கடைகளில் ஓடியது இலங்கை வானொலி. சிலோன் குரலை விரும்பிக் கேட்ட ஊர், சிலோனிலிருந்து வந்த ஆளைச் சந்தேகமாகப் பார்த்தது. 1977இல் அங்கே முதலமைச்சரான எம்.ஜி.ஆர். கண்டிச் சீமையில் பிறந்தவர். அதுவும் யாருக்கும் உதவவில்லை.

கடைசியில் நிறையப் பேர் மலையைத் தேடியே போனார்கள். இவர்களுக்காகவே 1968இல் தொடங்கிய அரசுத் தேயிலைத் தோட்டங்கள், பிறகு 'டான்டீ' ஆனவை, நீலகிரியில் கூடலூர், பந்தலூர், கோத்தகிரிப் பக்கம் இருந்தன. சிலர் வால்பாறைக்கு, சிலர் கேரளத்தில் புனலூர் ரப்பருக்கு, சிலர் கர்நாடகத்தில் சுள்ளியாவுக்கு. கொடைக்கானல் மலையில் மரப்பட்டை உரிக்கப் போய்க் கொத்தடிமையானவர்களின் கதை 1980களில் வெளியே வந்தது. பதுளையில் இவர்கள் 'இந்தியாக்காரன்', 'தோட்டக்காட்டான்'. கூடலூரில் 'சிலோன்காரன்'. இலங்கைக்காரர் என்று இவர்களை முதன்முதலாக ஒத்துக்கொண்டது தமிழ்நாடுதான்.

1984இல் யுத்தத்தால் கப்பல் நின்றது. பிறந்த பிள்ளைகளையும் சேர்த்துச் சுமார் நாலரை இலட்சம் பேர் அதற்குள் போயிருந்தார்கள். பாஸ்போர்ட் எடுத்தும் போக முடியாமல் நின்றவர்களுக்கு 2003 சட்டம் வந்த பிறகுதான் இலங்கைக் குடியுரிமை கிடைத்தது. எங்களில் சிலருடைய வீடுகள் அந்தக் கணக்கில் வருபவை.

இப்போது பதுளையிலிருந்தும் ஆட்கள் விமானத்தில் திருச்சிக்கும் சென்னைக்கும் போகிறார்கள். மலைக்கோட்டை, மதுரை மீனாட்சி, தி. நகரில் புடவை, பத்து நாளில் வீடு. கூடலூர் அந்தப் பட்டியலில் கிடையாது. 2022இல் டான்டீ தோட்டங்களில் ஒரு பகுதியை வனத்துறையிடம் திருப்பிக் கொடுக்கத் தமிழ்நாடு அரசு முடிவெடுத்தபோது, அங்கே ஓய்வு பெற்ற தொழிலாளர்கள் குடியிருக்கும் வீட்டை எப்போது காலி செய்யச் சொல்வார்களோ என்று பயந்துகொண்டிருந்தார்கள். அந்த வீடுகளுக்கு அங்கேயும் லயம் என்றுதான் பேர்.