ஃபதிமேயும் பாதுகாப்பு வீடுகளும்

2001 நவம்பர் 20ஆம் திகதி சுவீடன் பாராளுமன்றத்தில் ஃபதிமே சாஹிந்தால் பேசினா. குர்தியக் குடும்பம், சமூகசேவை படிச்சுக்கொண்டிருந்த பிள்ளை. சுவீடன்காரப் பெடியனை விரும்பினதுக்காகத் தகப்பனும் தம்பியும் கொல்லுவோம் எண்டு மிரட்டினவை. முதலில் பொலிஸ் அதைப் பெரிசா எடுக்கவில்லை. தன்னை மட்டுமில்லை, தன் குடும்பத்தையும் சமூகம் முன்னமே கவனிச்சிருக்க வேணும் என்பதுதான் அவவின் பேச்சு.

இரண்டு மாதத்தில், 2002 ஜனவரி 21, உப்சாலாவில் தாயையும் சகோதரிகளையும் ஒளிச்சுப் பார்க்கப்போன இடத்தில் தகப்பன் சுட்டுக் கொன்றார். பிறகுதான் அரசு பாதுகாப்பு வீடுகளுக்குக் காசு ஒதுக்கியது. நல்லதுதான். ஆனால் ஃபதிமே ஏற்கனவே வேற ஊரில்தான் இருந்தவ. தாயைத் தேடித்தான் திரும்பி வந்தவ. பூட்டின கதவு அதுக்கு என்ன செய்யும்? கௌரவத்தின் பெயரிலான ஒடுக்குமுறை அங்கே தனிக்குற்றமானது 2022இல்.