வங்கக் கரையில் மூன்று ரமளான்கள்

ஹிஜ்ரி 1390, ரமளான் மாதத்தின் நடுப்பகுதி. ஆங்கிலக் கணக்கில் 1970 நவம்பர் 12, வியாழக்கிழமை. அன்று நோன்பு திறந்து, தராவீஹ் தொழுது, சஹருக்கு எழும் எண்ணத்தோடு கண்ணயர்ந்த இலட்சக்கணக்கான முஸ்லிம்கள், அக்காலத்தில் கிழக்குப் பாகிஸ்தான் என்று அழைக்கப்பட்ட இன்றைய வங்கதேசத்தின் தென்கரைத் தீவுகளில் இருந்தனர். போலா, ஹாத்தியா, மன்புரா என்பன அத்தீவுகளுள் சில. நள்ளிரவை ஒட்டிக் கடல் எழுந்தது. சில இடங்களில் அலை முப்பது அடியைத் தொட்டதாகப் பதிவுகள் கூறுகின்றன. மாண்டோரின் எண்ணிக்கை மூன்று இலட்சம் முதல் ஐந்து இலட்சம் வரை என மதிப்பிடப்படுகிறது. வரலாற்றில் பதிவான புயல்களில் இதைவிட அதிக உயிரைக் கொண்டுபோனது வேறில்லை.

பிறையைப் பார்த்து மாதத்தைக் கணக்கிடும் நமக்கு ஒரு செய்தி எளிதில் விளங்கும். மாதத்தின் நடுவில் சந்திரன் முழுமை பெறுகிறது. அப்போது கடலின் ஓதமும் மிக உயர்கிறது. ஏற்கெனவே உயர்ந்து நின்ற அந்தக் கடல்மீதுதான் புயல் தன் அலையை ஏற்றியது. வங்காள விரிகுடாவின் வடமுனை புனல் போலக் குறுகி வருவது, ஆழமும் குறைவு. உந்தப்பட்ட நீர் பக்கவாட்டில் பரவ வழியின்றி மேலே எழுகிறது. எதிரே நிற்கும் நிலமோ ஆறுகள் கொண்டுவந்து கொட்டிய வண்டலால் ஆனது. பல இடங்களில் கடல் மட்டத்திலிருந்து சில அடி உயரமே உடையது. அந்த ஆபத்தான மண்ணில் ஏன் குடியேறினார்கள் என்று கேட்பது எளிது. உழுவதற்கு வேறு நிலம் இல்லாத ஏழைகள் அவர்கள்.

அம்மக்கள் எச்சரிக்கப்படவில்லை என்று பலரும் எண்ணுகின்றனர். அது முழு உண்மையன்று. புயலை வானிலைச் செயற்கைக்கோள் கண்டிருந்தது, வானொலியும் அறிவித்தது. பின்னர் வெளிவந்த ஓர் ஆய்வு, அப்பகுதி மக்களில் ஏறத்தாழ 90 விழுக்காட்டினர் புயல் வருவதை அறிந்திருந்தனர் என்றும், உறுதியான கட்டடங்களில் தஞ்சம் புகுந்தோர் ஏறத்தாழ 1 விழுக்காட்டினரே என்றும் கூறுகிறது. இந்த இரு எண்களுக்கும் இடையே உள்ள பள்ளத்தில்தான் இலட்சக்கணக்கான ஜனாஸாக்கள் கிடக்கின்றன.

அப்பள்ளம் எப்படி உருவாயிற்று? முந்தைய மாதமும் ஒரு புயல் வந்தது. அதற்கும் பெரும் ஆபத்து என்றே அறிவித்தார்கள். அஞ்சிய அளவுக்கு அழிவு நேரவில்லை. ஒருமுறை பொய்த்ததாகத் தோன்றிய குரலை மறுமுறை நம்ப மனிதன் தயங்குகிறான். மேலும், எச்சரிக்கை எண்களாலும் குறிகளாலும் சொல்லப்பட்டது. அந்த எண் முறை ஆங்கிலேயர் காலத்தில் துறைமுகங்களுக்காகவும் கப்பல்களுக்காகவும் வகுக்கப்பட்டது. நம் ஊர்களிலும் 'பாம்பனில் 3ஆம் எண் கூண்டு, நாகப்பட்டினத்தில் 5ஆம் எண் கூண்டு' என்று இன்றும் செய்தியில் கேட்கிறோமே, அதே மரபுதான். மாலுமிக்கு அந்த எண் பேசும். குடிசையில் மூன்று குழந்தைகளுடன் இருக்கும் தாய்க்கு அது என்ன சொல்லும்? எழுந்து போகவேண்டுமா, எங்கே, எப்போது என்று எந்த எண்ணும் சொல்வதில்லை. சொன்னாலும் போவதற்கு இடம் வேண்டும். பெரும்பாலான தீவுகளில் அது இல்லை.

டாக்காவில் இருந்த காலரா ஆய்வுக்கூடத்தைச் சேர்ந்த மருத்துவர்கள் ஆல்ஃபிரட் சோமரும் வைலி மோஸ்லியும் பிற்பாடு அக்கிராமங்களில் கணக்கெடுத்தனர். உயிர் தப்பிய பலரின் மார்பிலும், கைகளின் உட்பகுதியிலும், தொடைகளிலும் ஒரே மாதிரியான சிராய்ப்புக் காயங்கள் இருந்தன. இரவு முழுவதும் மரங்களைக் கட்டிப் பிடித்திருந்ததன் அடையாளம் அது. அவ்வாறு பிடித்திருக்க வலுவுள்ளவர்கள் பிழைத்தனர். முதியோர் பிழைக்கவில்லை, சிறுவர் பிழைக்கவில்லை, ஆண்களைவிடப் பெண்கள் அதிகமாக இறந்தனர். மக்கள்தொகையில் மூன்றில் ஒரு பங்காக இருந்த பத்து வயதுக்குட்பட்ட குழந்தைகள், இறந்தோரில் பாதிக்கும் மேற்பட்டோராக இருந்தனர். தஜுமுத்தீன் என்ற ஒரு வட்டாரத்தில் மட்டும் 1,67,000 மக்களில் 45 விழுக்காட்டினர் மறைந்தனர்.

இங்கே ஒன்றைச் சொல்லியே ஆகவேண்டும். எங்கேனும் பேரிடர் நிகழ்ந்தால், அது அங்குள்ளோரின் பாவத்துக்கான தண்டனை என்று மேடையில் முழங்குவோர் நம்மிடையே உண்டு. நோன்பிருந்து உறங்கிய குழந்தைகளைப் பற்றி இப்படிப் பேசும் துணிவு எங்கிருந்து வருகிறது? நீரில் மூழ்கி இறப்பவர் ஷஹீத்களின் வரிசையில் சேர்க்கப்படுவார் என்பது ஆதாரப்பூர்வமான ஹதீஸ்களில் வந்துள்ள செய்தி. மறைவானதை அல்லாஹ்விடம் விட்டுவிட்டு, நம் கையில் இருந்தது எது என்று கேட்பதே அறிவுடையோர் வழி.

நம் கையில் இருப்பது எது என்பதற்கு ஹிஜ்ரி 9ஆம் ஆண்டின் தபூக் பயணத்தில் ஒரு நிகழ்வு உண்டு. புகாரியில் அபூஹுமைத் அஸ்ஸாஇதீ (ரலி) வாயிலாகப் பதிவாகியுள்ளது. அன்றிரவு கடுங்காற்று வீசும் என்று நபி (ஸல்) அவர்கள் தோழர்களுக்கு முன்கூட்டியே தெரிவித்தார்கள். எவரும் எழுந்து நிற்க வேண்டாம் என்றும், ஒட்டகம் வைத்திருப்பவர் அதைக் கட்டிவைக்க வேண்டும் என்றும் பணித்தார்கள். காற்று வீசியது, எழுந்து நின்ற ஒருவரை அது தூக்கிச் சென்று தய்யி மலைப்பகுதியில் எறிந்தது. ஒட்டகத்தைக் கட்டுவது பற்றிய வேறொரு செய்தியைத் தவக்குலுக்கு விளக்கமாக நாம் அடிக்கடி கேட்கிறோம். தபூக்கின் இந்தச் செய்தியை ஏனோ அதிகம் சொல்வதில்லை. இதன் அமைப்பைக் கவனியுங்கள்: என்ன வரும், எப்போது வரும், உடலை எப்படி வைத்துக்கொள்வது, உடைமையை என்ன செய்வது என நான்கும் சில சொற்களில் அடங்கிவிட்டன. 1970இல் வானொலி சொன்னதில் இல்லாமற்போனது இதுதான்.

இன்னொன்றும் உண்டு. குளிரும் காற்றும் மிகுந்த ஓர் இரவில் இப்னு உமர் (ரலி) அவர்கள் ளஜ்னான் என்னும் இடத்தில் பாங்கு சொல்லி, தங்குமிடங்களிலேயே தொழுதுகொள்ளுமாறு மக்களுக்கு அறிவித்தார்கள். நபி (ஸல்) அவர்கள் பயணத்தில் அவ்வாறு அறிவிக்கச் செய்ததை எடுத்துரைத்தார்கள். தொழுகைக்கு அழைக்கும் குரலே, 'இன்று வெளியே வராதீர்' என்று அறிவிக்கும் குரலாகவும் இருந்திருக்கிறது. பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் புயல் செய்தி சொல்லலாமா என்று தயங்கும் நிர்வாகிகள் இதை நினைவில் கொள்ளலாம்.

வங்கதேசம் விடுதலை பெற்றதும், 1972இல், செஞ்சிலுவைச் சங்கங்களின் உதவியோடு புயல் ஆயத்தத் திட்டம் ஒன்று தொடங்கப்பட்டது. அடுத்த ஆண்டு அரசும் அதில் இணைந்தது. அந்தந்தக் கிராமத்தவரையே தொண்டர்களாகச் சேர்த்தார்கள். தொடக்கத்தில் 20,000 பேர் அளவில் இருந்தவர்கள் இன்று 76,000 பேர். அவர்களில் பாதிப்பேர் பெண்கள். டிரான்சிஸ்டர் வானொலி, கையால் சுழற்றும் சங்கு, மெகாஃபோன், கொடிகள் ஆகியவையே அவர்களது ஆயுதங்கள். ஆபத்து மிக மிகக் கொடிகள் ஒன்று, இரண்டு, மூன்று என ஏறும். படிக்கத் தெரியாதவருக்கும் அது விளங்கும். பள்ளிவாசல்களின் ஒலிபெருக்கிகளும் இப்பணியில் சேர்ந்தன. வானொலி சொன்னால் நம்பாதவர், தம் தெருவில் பிறந்து வளர்ந்த பையன் கதவைத் தட்டிச் சொன்னால் நம்புகிறார்.

ஆடு மாடுகளை விட்டு வர மறுத்தோருக்காக உயரமான மண்மேடுகள் எழுப்பப்பட்டன. அவற்றை முஜிப் கில்லா என்று அழைத்தனர். ஏழைக்கு மாடுதான் சேமிப்பு. கரையோரக் குடும்பங்கள் அவலையும் பொரியையும் தீப்பெட்டியையும் பிளாஸ்டிக் உறையில் பொதிந்து மண்ணில் புதைத்துவிட்டுப் போகக் கற்றுக்கொண்டன. மேட்டுக்கு ஓட்டிச்செல்ல இயலாத கால்நடைகளின் கயிற்றை அவிழ்த்துவிட வேண்டும் என்றும் கற்றன. தபூக்கில் கட்டச் சொன்னார்களே என்று ஒரு மாணவர் கேட்கக்கூடும். தபூக்கில் ஆபத்து காற்று. இங்கே ஆபத்து நீர். ஆபத்தின் தன்மையை அறியாமல் வழிகாட்ட முடியாது என்பதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு எனக்குத் தெரியவில்லை.

இரண்டாவது ரமளான் அதைத்தான் காட்டியது. 1989 ஏப்ரல் 26. ரமளானின் கடைசிப் பத்து நெருங்கிய நாள். ஆறு மாதமாக மழை பொய்த்து வறண்டிருந்த மாணிக்கஞ்ச் மாவட்டத்தின் தவுலத்பூர், சாட்டூரியா பகுதிகளை, இஃப்தார் நேரத்தை ஒட்டி, மாலை ஆறரை மணி அளவில், ஒரு சுழற்காற்று தாக்கியது. இது கடலிலிருந்து வரும் புயலன்று, டொர்னேடோ. கோடையின் இடிமேகத்திலிருந்து தும்பிக்கை போல இறங்கி, நிலத்தைத் துடைத்துச் செல்வது. ஏறத்தாழ 1,300 பேர் இறந்தனர். 12,000 பேர் காயமுற்றனர். 80,000 பேர் வீடிழந்தனர். உலகில் பதிவான டொர்னேடோக்களில் மிகுந்த உயிர்ச்சேதம் இதுவென்றே கருதப்படுகிறது.

கடற்புயல் பல நாட்கள் முன்பே தன் வரவைச் சொல்லும். டொர்னேடோ சில நிமிடங்களே தரும். மூன்று கொடிகளோ தொலைவிலுள்ள புகலிடமோ அங்கே உதவாது. பறக்கும் தகரக் கூரைகள் வாள்போல் வெட்டும். சன்னலற்ற உள்ளறை, கீழ்த்தளம், அதுவும் இல்லையேல் பள்ளத்தில் தலையை மூடிக் குப்புறப் படுத்தல் என இவ்வளவே செய்ய முடியும். அமெரிக்காவில்கூட, மக்கள் பீதியடைவார்கள் என்று அஞ்சி 'டொர்னேடோ' என்ற சொல்லையே வானிலை அறிவிப்பில் நெடுங்காலம் தவிர்த்து வந்தனர். 1948 மார்ச் 25 அன்று ஓக்லஹோமாவின் டிங்கர் விமானத் தளத்தில் ஃபாபுஷ், மில்லர் என்ற இரு அதிகாரிகள் துணிந்து முன்னறிவிப்புச் செய்தனர். அன்றே அது பலித்தது. அத்தடை 1950இல் நீங்கியது. மக்கள் அஞ்சுவார்கள் என்று உண்மையை மறைப்பது எந்நாட்டு அதிகாரிகளுக்கும் உள்ள பழக்கம் போலும்.

1991 ஏப்ரல் 29. ஈதுல் ஃபித்ர் முடிந்து இரண்டு வாரம் ஆகியிருந்தது. சிட்டகாங், சந்துவீப், குதுப்தியா கரைகளில் ஏறத்தாழ 1,38,000 பேர் இறந்தனர். எச்சரிக்கை இம்முறை பலரையும் எட்டியிருந்தது. புகலிடங்களோ சில நூறே இருந்தன. ஆனால் என் உள்ளத்தை உறுத்துவது வேறொரு கணக்கு. 20 முதல் 44 வயதினரில், ஆயிரத்துக்கு 15 ஆண்கள் இறந்த இடத்தில் 71 பெண்கள் இறந்தனர். குழந்தைகளைச் சுமந்திருந்தனர்; புடவை நீரில் காலைச் சுற்றியது; நீந்தக் கற்பிக்கப்படவில்லை. இவற்றோடு, கணவர் வந்து அனுமதி தரட்டும் என்று காத்திருந்தவர்களும், அந்நிய ஆண்கள் நிறைந்த கட்டடத்தில் எப்படித் தங்குவது என்று வீட்டிலேயே இருந்துவிட்டவர்களும் உண்டு. உயிருக்கு ஆபத்தான நிலையில் நிர்ப்பந்தம் எவற்றையெல்லாம் ஆகுமாக்குகிறது என்பது ஃபிக்ஹின் தொடக்கப் பாடம். அதை ஆண்களுக்கு நாம் கற்பித்தோம். அப்பெண்களின் செவியில் யாரும் போடவில்லை. மார்க்கம் அவர்களைத் தடுத்ததில்லை. மார்க்கத்தின் பெயரால் ஊர் தடுத்தது. பின்னர் கட்டப்பட்ட புகலிடங்கள் பலவற்றில் பெண்களுக்குத் தனி அறையும் தனிக் கழிவறையும் அமைத்தார்கள். மற்ற நாட்களில் அக்கட்டடங்கள் பள்ளிக்கூடங்களாகவும் மதரஸாக்களாகவும் இயங்குகின்றன.

2007 நவம்பரில் வந்த சித்ர் புயல் ஏறத்தாழ 3,400 உயிர்களைக் கொண்டுபோனது. பெரிய எண்தான்; ஆனால் அதே கரை, அதே கடல்.

மூன்றாவது ரமளான் ஹிஜ்ரி 1441. 2020 மே 20, அம்பன் புயல் கரை கடந்த இரவு. வங்கதேசத்தில் அது ரமளான் 27ஆம் இரவு. உலகெங்கும் கொரோனா, கூடியிருப்பதே ஆபத்து என்ற காலம். இருந்தும் 20 இலட்சத்துக்கும் மேற்பட்டோர் புகலிடங்களுக்கு அழைத்து வரப்பட்டனர். இடைவெளி விட்டு அமர்த்துவதற்காகக் கூடுதல் பள்ளிக்கூடங்கள் திறக்கப்பட்டன, முகக்கவசங்கள் வழங்கப்பட்டன. லைலத்துல் கத்ரைத் தேடும் அவ்விரவை அம்மக்கள் புகலிடத்தின் சிமெண்டுத் தரையில் கழித்தனர். வங்கதேசத்தில் இறந்தோர் சில பத்துப் பேர் மட்டுமே.

உயிர்கள் காக்கப்பட்டன, நிலம் காக்கப்படவில்லை. குல்னா மாவட்டத்தின் கொய்ராவில் கரைமதில் உடைந்து உப்புநீர் ஊருக்குள் புகுந்தது. ஐந்து நாட்களுக்குப் பின், மே 25இல் பெருநாள் வந்தது. உடைப்பை அடைக்க மண்வெட்டியோடு வந்திருந்த ஆயிரக்கணக்கானோர், ஸஃப்பு கட்டி, முழங்கால் அளவு நீரில் நின்று ஈதுத் தொழுகையை நிறைவேற்றினர். மதில் அன்றும் முழுமையாக அடைபடவில்லை.