ஊ... என்றது ஊர்

1999, ஏப்ரல் 17. சனிக்கிழமை. நியூயார்க் நகரம். மேடிசன் ஸ்கொயர் கார்டன் வளாகத்தில் இருக்கும் தியேட்டர்.

மேடைக்கு வருகிறார் கமிஷனர் பால் டாக்லியாபூ. கையில் ஒரு சீட்டு. ஃபிலடெல்ஃபியா ஈகிள்ஸ் அணி எடுத்திருக்கும் வீரரின் பெயரை வாசிக்கிறார். டோனோவன் மெக்நாப். சிராக்யூஸ் பல்கலைக்கழகம்.

இருபத்திரண்டு வயசுப் பையன். பத்துப் பன்னிரண்டு வருஷ உழைப்பு பலித்த நாள். சிரித்துக்கொண்டே மேடையேறுகிறான். கல்யாண மேடையில் மாப்பிள்ளை ஏறுகிற மாதிரி.

கீழேயிருந்து ஒரு சத்தம். ஊ...ஊ...ஊ...

கைதட்டல் அல்ல, ஊளை. எதிரணி ஆசாமிகள் கத்தியிருந்தால் பரவாயில்லை, துடைத்துப் போட்டுவிட்டுப் போகலாம். கத்தியது ஃபிலடெல்ஃபியாக்காரர்கள். இனி யாருக்காக அவன் ஓடி, விழுந்து, எலும்பை முறித்துக்கொள்ளப் போகிறானோ அந்த ஊர்க்காரர்கள். முகத்தில் பெயிண்ட் பூசிக்கொண்டு, பஸ் பிடித்து, இதற்கென்றே வந்திருந்தார்கள். சுமார் முப்பது பேர்.

அப்படி அந்தப் பையன் என்ன தப்பு செய்தான்? ஒன்றுமில்லை. அவர்கள் கேட்ட ஆள் அவன் இல்லை. அவ்வளவுதான்.

இந்தக் கூத்து புரியவேண்டுமென்றால் கொஞ்சம் பின்னால் போகவேண்டும்.

முதலில் ஒரு விஷயம். இது நம் ஊரில் காலால் உதைத்து ஆடுகிற ஃபுட்பால் இல்லை. தலைக்கவசம், தோளில் கனமான பேட் எல்லாம் மாட்டிக்கொண்டு, முட்டை வடிவப் பந்தைக் கையில் பிடித்து ஆடுகிற அமெரிக்க ஃபுட்பால். அந்த லீகுக்குப் பெயர் என்.எஃப்.எல். கல்லூரியில் ஆடி முடித்த பையன்களை அணிகள் வருஷம் ஒருமுறை வரிசையாக எடுத்துக்கொள்வார்கள். அதுதான் டிராஃப்ட். ஐ.பி.எல். ஏலம் மாதிரி பணத்தைக் கொட்டி எடுப்பதல்ல. போன வருஷம் கடைசியில் வந்த அணிக்கு முதல் வாய்ப்பு. கோப்பை ஜெயித்த அணிக்குக் கடைசி வாய்ப்பு. பந்தியில் பசித்தவனுக்கு முதல் இலை.

முதலாளித்துவத்தின் தலைமைப் பீடத்தில் இப்படியொரு சமதர்மமா என்று தோன்றுகிறதல்லவா? அதற்குக் காரணமானவர் பெர்ட் பெல். அவரும் ஃபிலடெல்ஃபியாக்காரர்தான்.

1933ல் கூட்டாளிகளோடு சேர்ந்து 2,500 டாலருக்கு ஈகிள்ஸ் அணியை வாங்கினார் பெல். வாங்கினாரே தவிர, அணி ஜெயிக்கவில்லை. 1935ல் ஆடிய பதினொரு ஆட்டங்களில் இரண்டில் மட்டும் வெற்றி. நல்ல வீரர்கள் எல்லோரும் சிகாகோ பேர்ஸ், நியூயார்க் ஜயண்ட்ஸ் போன்ற பெரிய கைகளிடம் போய்விடுவார்கள். அங்கே பணமும் உண்டு, பெயரும் உண்டு. தோற்கிற அணி தோற்றுக்கொண்டே இருக்கும். கூட்டம் குறையும். காசு குறையும். இன்னும் தோற்கும்.

1935 மே மாதம் முதலாளிகள் கூட்டத்தில் பெல் எழுந்தார். நாலு அணிகள் மட்டும் கொழுத்துக்கொண்டே போனால் ஒருநாள் லீகே படுத்துவிடும் என்று சொல்லி, இந்தத் தலைகீழ் வரிசை யோசனையை முன்வைத்தார். ஆச்சரியம், ஜெயித்துக்கொண்டிருந்த பேர்ஸ் அணியின் ஜார்ஜ் ஹலாஸும் ஜயண்ட்ஸ் அணியின் டிம் மாராவும் ஒப்புக்கொண்டார்கள். எதிரில் ஆட ஆள் இருந்தால்தானே டிக்கெட் விற்கும்? கணக்கு தெரிந்தவர்கள்.

1936, பிப்ரவரி 8. ஃபிலடெல்ஃபியாவின் ரிட்ஸ் கார்ல்டன் ஓட்டலில் முதல் டிராஃப்ட். டி.வி. கிடையாது. ரசிகர்கள் கிடையாது. முதலாளிகள் உட்கார்ந்து பெயர் பெயராகப் பிரித்துக்கொண்டார்கள். கடைசி இடத்தில் இருந்த ஈகிள்ஸுக்கு முதல் வாய்ப்பு. சரித்திரத்தின் முதல் டிராஃப்ட் வீரராக சிகாகோ பல்கலைக்கழகத்தின் ஜே பெர்வாங்கரை எடுத்தார் பெல். அந்த வருஷத்தின் சிறந்த கல்லூரி வீரர் அவர்தான்.

என்ன ஆயிற்று தெரியுமா? பெர்வாங்கர் என்.எஃப்.எல்.லில் ஒரு ஆட்டம்கூட ஆடவில்லை!

அவர் கேட்ட சம்பளம் கட்டுப்படியாகவில்லை. பெல் அவரை பேர்ஸ் அணிக்குத் தள்ளிவிட்டார். அங்கேயும் பேரம் படியவில்லை. போங்கப்பா என்று பெர்வாங்கர் நுரை ரப்பர் கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்துவிட்டார். ஆக, டிராஃப்ட் சரித்திரத்தின் முதல் தேர்வே பணால். அதைச் செய்தது ஃபிலடெல்ஃபியா. அன்றைக்கு ஊளையிட அந்த அறையில் ஒரு ரசிகரும் இல்லை. பிழைத்தார் பெல்.

ரசிகர்கள் எப்போது உள்ளே வந்தார்கள்? 1980ல். புதிதாக முளைத்திருந்த ஈ.எஸ்.பி.என். சேனல், டிராஃப்டை நேரடியாக ஒளிபரப்புகிறோம் என்று கேட்டது. அன்றைய கமிஷனர் பீட் ரோஸெலுக்குப் புரியவில்லை. பெயர் வாசிப்பதை எவன் உட்கார்ந்து பார்ப்பான்? சரி, காட்டித் தொலையுங்கள் என்று அனுமதித்தார். ஒரு செவ்வாய்க்கிழமை காலை ஒளிபரப்பானது. ஜனங்கள் பார்த்தார்கள். 1984ல் மெல் கைப்பர் என்ற இளைஞர் அந்த சேனலுக்கு வந்தார். எந்த அணி நன்றாக எடுத்தது, எது கோட்டை விட்டது என்று மார்க் போடுவது அவர் வேலை. ஏ, பி, சி, டி. பள்ளிக்கூட ரிப்போர்ட் கார்டு மாதிரியே.

ஒரு பந்துகூட இன்னும் வீசப்படவில்லை, கவனியுங்கள். அதற்குள் மார்க்.

இப்போது மறுபடி 1999க்கு வருவோம்.

முந்தைய வருஷம் ஈகிள்ஸ் 16 ஆட்டத்தில் 3 வெற்றி, 13 தோல்வி. பயிற்சியாளரைத் துரத்திவிட்டு, கிரீன் பே பேக்கர்ஸ் அணியில் உதவிப் பயிற்சியாளராக இருந்த ஆண்டி ரீட் என்பவரைக் கொண்டுவந்தார்கள். அதுவரை எங்கேயும் தலைமைப் பயிற்சியாளராக இருந்தவரில்லை. அவர் கையில் இரண்டாவது தேர்வு.

ஊர் கேட்டது ரிக்கி வில்லியம்ஸை. டெக்ஸாஸ் பல்கலைக்கழகத்தின் ரன்னிங் பேக். பந்தை வாங்கிக்கொண்டு, குறுக்கே வருகிறவனை இடித்துத் தள்ளிவிட்டு ஓடுகிற வேலை. 1998ன் சிறந்த கல்லூரி வீரர் விருது அவருக்குத்தான். டபிள்யூ.ஐ.பி. என்ற உள்ளூர் விளையாட்டு வானொலியில் தினமும் காலையில் இதே பாட்டு. ஏஞ்சலோ கட்டால்டி என்ற அறிவிப்பாளர் தூபம் போட்டார். நகர மேயர் எட் ரெண்டல்கூட ரிக்கிதான் வேண்டும் என்று பேசினார். அந்த முப்பது பேரை பஸ்ஸில் ஏற்றி நியூயார்க்குக்கு அழைத்துப்போனதும் வானொலிக்காரர்கள்தான்.

ரீட் என்ன யோசித்தார்? அணியில் ஓட ஆள் இருந்தது. டூஸ் ஸ்டேலி முந்தைய வருஷம் ஆயிரம் கெஜத்துக்கு மேல் ஓடியிருந்தார். இல்லாதது குவார்ட்டர்பேக். பந்தைக் கையில் வாங்கி, யாருக்கு வீசுவது, வீசாமல் தானே ஓடுவதா என்று இரண்டு மூன்று விநாடிக்குள் முடிவெடுக்கிற மூளைக்காரன். 1998ல் அந்த இடத்தில் ஆடிய பாபி ஹோயிங் 9 பந்துகளை எதிரணியிடம் வீசியிருந்தார். டச் டவுனுக்கு வீசியது? பூஜ்யம். வீட்டுக்கு அஸ்திவாரமே இல்லாதபோது மாடிக்கு டைல்ஸ் எதற்கு என்று ரீட் நினைத்ததில் தப்பில்லையே?

ஆனால் ஓடுகிறவன் கண்ணுக்குத் தெரிகிறான். யோசிக்கிறவன் தெரிவதில்லை.

சரி, யார் ஜெயித்தார்கள்? நான் பி.காம். படித்தவன். எதையும் ஐந்தொகை போட்டுப் பார்த்தால்தான் திருப்தி.

ரிக்கியை எடுத்தது நியூ ஆர்லியன்ஸ் செயின்ட்ஸ். ஐந்தாவது தேர்வில். அதற்காகப் பயிற்சியாளர் மைக் டிட்கா கொடுத்த விலை: அந்த வருஷம் கையிலிருந்த ஆறு தேர்வுகளும், அடுத்த வருஷத்தின் முதல் மற்றும் மூன்றாம் சுற்றுத் தேர்வுகளும். ஒரு ஆளுக்கு எட்டு ஆள்! அந்த சீசனில் செயின்ட்ஸ் 3 வெற்றி, 13 தோல்வி. டிட்கா வீட்டுக்கு அனுப்பப்பட்டார். ரிக்கி மோசமான வீரரா? இல்லவே இல்லை. 2002ல் மயாமிக்குப் போய், 1,853 கெஜம் ஓடி லீகிலேயே முதலிடம் பிடித்தார். மொத்தக் கணக்கில் பத்தாயிரம் கெஜம் தாண்டினார்.

மெக்நாப்? ஈகிள்ஸில் பதினொரு சீசன். அந்த அணி ஐந்து முறை அரையிறுதி மாதிரியான கான்ஃபரன்ஸ் இறுதிப் போட்டிக்குப் போனது. 2002 நவம்பரில் அரிஸோனாவுக்கு எதிரான ஆட்டத்தில் ஆரம்பத்திலேயே அவர் கணுக்கால் எலும்பு முறிந்தது. வெளியே போகவில்லை. முறிந்த காலோடு நின்று நாலு டச் டவுன் வீசினார். 2005 பிப்ரவரியில் சூப்பர் பௌல். பேட்ரியட்ஸிடம் 24-21 என்று தோல்வி. கோப்பை இல்லை. அதற்காக ஊர் அவரை மறுபடி திட்டியது.

அந்த ஊளையை அவர் மறக்கவில்லை. ஆடிக்கொண்டிருந்தபோதும், ஓய்வு பெற்ற பிறகும் அதைப் பற்றிப் பேசியிருக்கிறார். நாமாக இருந்தால் மறந்திருப்போமா?

ஐந்தொகையில் இன்னொரு வரியும் உண்டு. முதல் தேர்வாக கிளீவ்லண்ட் எடுத்த டிம் கௌச் 2003க்குப் பிறகு லீகில் ஆடவேயில்லை. மூன்றாவதாக சின்சினாட்டி எடுத்த அகிலி ஸ்மித் மொத்தமே 17 ஆட்டங்களைத்தான் ஆரம்பித்து ஆடினார். இருவருமே குவார்ட்டர்பேக்குகள். முன்னால் ஒரு பள்ளம், பின்னால் ஒரு பள்ளம். நடுவில் ரீட் கால் வைத்த இடம் மட்டும் கெட்டித் தரை. இன்னும் வேடிக்கை கேளுங்கள். நாலாவதாகப் போன எட்ஜரின் ஜேம்ஸும் ரன்னிங் பேக்தான். பிற்பாடு ஹால் ஆஃப் ஃபேமில் இடம்பிடித்தவர் அவர். பஸ்ஸில் வந்த முப்பது பேரில் யாரும் அவர் பெயர் சொல்லிக் கத்தியதாகத் தெரியவில்லை.

உடனே ரசிகனுக்கு ஒன்றும் தெரியாது என்று தீர்ப்பு எழுதிவிடாதீர்கள்.

1983ல் நியூயார்க் ஜெட்ஸ் அணி டேன் மரீனோவை விட்டுவிட்டு கென் ஓ'பிரையனை எடுத்தது. ரசிகர்கள் ஊளையிட்டார்கள். மூன்று தேர்வு தள்ளி மரீனோவை மயாமி எடுத்தது. அடுத்த வருஷமே 5,084 கெஜம் வீசி சாதனை படைத்தார் மரீனோ. 1995ல் வாரன் சாப் வேண்டும் என்று ஜெட்ஸ் ரசிகர்கள் கத்தினார்கள். அணி கைல் பிரேடியை எடுத்தது. சாப் இன்று ஹால் ஆஃப் ஃபேமில். அங்கே ஊளையிட்டவர்கள்தான் சரி. கோட் சூட் போட்டவர்கள் கோட்டை விட்டார்கள்.

அப்படியென்றால் யாருக்குத்தான் தெரியும்? 2017ல் பொருளாதார நோபல் வாங்கிய ரிச்சர்ட் தேலரும் கேட் மாஸியும் சேர்ந்து இதையே ஆராய்ந்தார்கள். 2013ல் கட்டுரை வெளியானது. ஒரே இடத்துக்கு ஆடுகிற இரண்டு பேர் அடுத்தடுத்து எடுக்கப்படுகிறார்கள். முதலில் எடுக்கப்பட்டவன் இரண்டாமவனைவிட நன்றாக வர வாய்ப்பு எவ்வளவு? நூற்றுக்கு ஐம்பதைக் கொஞ்சம்போலத் தாண்டுகிறது. கிட்டத்தட்ட காசு சுண்டிப் போடுகிற கதை! கோடிக்கணக்கில் சம்பளம் வாங்கும் நிபுணர்களின் லட்சணமே இப்படி என்றால், ரசிகனை மட்டும் குறை சொல்லி என்ன பயன்? தேலர் இன்னொன்றும் சொன்னார்: எல்லோரும் தங்கள் கணிப்பை அளவுக்கு மீறி நம்புகிறார்கள். அதனால்தான் ஒரு ஆளுக்கு எட்டு ஆளைக் கொடுக்கிறார்கள்.

என்னைக் கேட்டால், மார்க் போடுவது ரசிகனின் உரிமை. டிக்கெட் வாங்குபவன் அவன். தோற்ற ஞாயிற்றுக்கிழமை ராத்திரி சாப்பாடு இறங்காமல் படுப்பவனும் அவன்தான். ஆனால் தேர்ந்தெடுத்தது ரீட். ஊளை விழுந்தது மெக்நாப் மேல். கல்யாணத்தைப் பேசி முடித்த பெரியவர்கள் மேல் கோபம் என்றால் அவர்களிடம் போய்ச் சண்டை போடலாம். மணவறையில் உட்கார்ந்திருப்பவனைப் பார்த்தா கத்துவது?

2013, செப்டம்பர் 19. ஃபிலடெல்ஃபியா மைதானத்தில் மெக்நாப்பின் ஐந்தாம் எண் சட்டைக்கு ஓய்வு கொடுத்தார்கள். இனி அந்த எண்ணை அந்த அணியில் யாரும் அணிய முடியாது. ஊர் எழுந்து நின்று கைதட்டியது. அன்றைக்கு எதிரணியான கான்ஸஸ் சிட்டியின் பயிற்சியாளர் யார் தெரியுமா? அதே ஆண்டி ரீட். ஈகிள்ஸ் அவரை அனுப்பிவிட்டிருந்தது.

ஊர் பாடம் கற்றுக்கொண்டதா? ம்ஹும்.

2020 ஏப்ரலில் ஈகிள்ஸ் இரண்டாம் சுற்றில் ஜேலன் ஹர்ட்ஸ் என்ற குவார்ட்டர்பேக்கை எடுத்தது. முந்தைய வருஷம்தான் கார்சன் வென்ட்ஸுக்கு 128 மில்லியன் டாலருக்கு ஒப்பந்தம் போட்டிருந்தார்கள். இவன் எதற்கு என்று ஊரே கொதித்தது. வென்ட்ஸ் ஒரே வருஷத்தில் வேறு அணிக்குப் போனார். 2025, பிப்ரவரி 9. நியூ ஆர்லியன்ஸில் சூப்பர் பௌல். ஈகிள்ஸ் 40, கான்ஸஸ் சிட்டி 22. ஆட்டநாயகன், ஹர்ட்ஸ். எதிர்ப்பக்கம் தோற்று நின்றவர் ரீட்.

அந்த ஏப்ரலில் கிரீன் பே ஊரில் அடுத்த டிராஃப்ட் நடந்தது. முடிந்த கையோடு 32 அணிகளுக்கும் ரிப்போர்ட் கார்டு வெளியாகிவிட்டது.