கழுத்தில்லாத பாஞ்சோ

போன முறை ஊருக்குப் போயிருந்தபோது மாமாவிடம் செல்போனில் ஒரு வீடியோ காட்டினேன். ரோலிங் ஸ்டோன்ஸ் கச்சேரி. மாமா இருபது வருஷம் மெல்லிசைக் குழுவில் டிரம்ஸ் வாசித்தவர். குதிக்கிற பாடகரை அவர் பார்க்கவே இல்லை. பின்னால் அலுவலகத்தில் உட்கார்ந்திருப்பதுபோல அமைதியாக இருந்த டிரம்மரையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "இவரு வலது கைய ஏன் தூக்குறாரு?" என்றார்.

சரியான கேள்வி. சார்லி வாட்ஸின் வலது கை ஹை-ஹாட்டில் சீராக ஓடிக்கொண்டிருக்கும். இரண்டாவது, நான்காவது அடி வரும்போது மட்டும் மேலே எழும்பிவிடும். அந்த இடத்தில் ஸ்நேர் தனியாக விழும். பாட்டு மூச்சு விடுவதுபோல இருக்கும். இடது கையில் குச்சியைப் பிடிப்பதும் ராக் டிரம்மர்கள் பலரைப் போல இல்லை. பழைய ஜாஸ் ஆட்களின் பிடி. மாமாவிடம், "அவரு மனசுல ஜாஸ்காரரு மாமா" என்றேன். அதோடு விடாமல் கதையையும் சொல்ல வேண்டியதாயிற்று.

வாட்ஸ் 1941-ல் லண்டனில் பிறந்தார். அப்பா ரயில்வேக்கு லாரி ஓட்டியவர். போரில் குண்டு விழுந்து வீடுகள் போனபிறகு அரசாங்கம் அவசரமாக நிறுத்திய தயார்நிலை வீடுகளில் ஒன்றுக்கு, வெம்ப்ளி பக்கம், குடும்பம் குடியேறியது. பக்கத்து வீட்டில் டேவ் கிரீன் என்ற பையன். இரண்டு பேரும் 78 சுழற்சி இசைத்தட்டுகளைத் தேடித் தேடிக் கேட்டார்கள். ஜெல்லி ரோல் மார்ட்டன், சார்லி பார்க்கர். ஒரு மாமாவிடமிருந்து வந்த ஏர்ல் பாஸ்டிக்கின் 'ஃப்ளமிங்கோ' சார்லியை முதலில் இழுத்த தட்டு. (எல்லாக் கதையிலும் ஒரு மாமா இருக்கிறார், கவனித்தீர்களா?)

ஏன் தட்டு? நேரில் கேட்க வழி இல்லை. 1935 முதல் ஏறக்குறைய இருபது ஆண்டுகள், சங்கங்களுக்கு இடையிலான தகராறில், அமெரிக்க இசைக்குழுக்கள் பிரிட்டனில் வந்து வாசிப்பது கிட்டத்தட்ட நின்றே போயிருந்தது. 1956-ல்தான் ஸ்டான் கென்டன் குழு அங்கே வர, பதிலுக்கு டெட் ஹீத் குழு அமெரிக்கா போக, கதவு திறந்தது. அதுவரைக்கும் ஒரு தலைமுறைக்கே குரு அரக்குத் தட்டுதான். டிரம்மரின் முகம் தெரியாது, கை தெரியாது. எந்தக் கை எங்கே போகிறது என்று காதால் ஊகிக்க வேண்டும். பார்க்காமல் கற்றுக்கொண்டவர்களிடம் ஒரு விதமான கவனம் இருக்கும். வாட்ஸிடம் கடைசிவரை அது இருந்தது என்று எனக்குத் தோன்றும்.

பதிமூன்று வயதில் ஜெர்ரி மல்லிகனின் 'வாக்கிங் ஷூஸ்' தட்டைக் கேட்கிறான் பையன். அதில் சிக்கோ ஹாமில்டன் குச்சியால் அடிக்கவில்லை; கம்பி பிரஷ்ஷால் தோலைத் தடவுகிறார். அடிக்காமலும் டிரம்ஸ் வாசிக்கலாம்! அப்போது அவனிடம் இருந்தது ஒரு பாஞ்சோ. விரல் வைக்கும் இடம் பிடிபடவே இல்லை. கழுத்தைக் கழற்றிப் போட்டான். மிச்சமிருந்த தோல் வைத்த வட்டத்தை ஸ்டாண்டில் நிறுத்தி பிரஷ்ஷால் வாசித்தான். அதுதான் முதல் ஸ்நேர். 1955-ல் பெற்றோர் ஒரு டிரம்ஸ் செட் வாங்கிக் கொடுத்தார்கள். அந்த வருஷம்தான் சார்லி பார்க்கர் இறந்தார்.

பிறகு ஹாரோவில் ஓவியப் படிப்பு, விளம்பர நிறுவனத்தில் வேலை. சம்பளத்துக்கு வரைந்ததுபோக, பார்க்கரை ஒரு பறவையாக்கிச் சின்னப் படக்கதைப் புத்தகம் ஒன்றை வரைந்து வைத்தார். அது அச்சானது ஸ்டோன்ஸ் புகழ் வந்த பிறகுதான். அலெக்சிஸ் கார்னரின் ப்ளூஸ் குழுவில் வாசித்துக்கொண்டிருந்தவர், 1963 ஜனவரியில் ஸ்டோன்ஸில் சேர்ந்தார். அடுத்த ஐம்பத்தெட்டு வருஷம் உங்களுக்குத் தெரியும். அதை நான் சொல்ல வேண்டியதில்லை. சுற்றுப்பயணத்தில் படுத்த ஒவ்வொரு ஹோட்டல் கட்டிலையும் வரைந்துகொண்டே இருந்தார் என்பதை மட்டும் சொல்கிறேன்.

"அப்ப பிடிக்காத வேலையவா அத்தன வருஷம் பாத்தாரு?" என்றார் மாமா. குரலில் கொஞ்சம் உரசல். கல்யாண வீடுகளில் கேட்ட பாட்டையெல்லாம் வாசித்தே அவர் காலம் போனது. ரிதம் பேட் வந்ததும் அந்த வேலையும் போய், செட்டை விற்றார்.

அப்படியில்லை என்றுதான் நினைக்கிறேன். தவறான குழுவில் மாட்டிக்கொண்ட ஜாஸ்காரர் என்று அவரைப் பற்றி எழுதுபவர்கள் அந்தத் தூக்கிய கையைப் பார்ப்பதில்லை. ஹாமில்டனிடம் கேட்ட அந்த அடக்கத்தை அவர் ராக் மேடைக்குக் கொண்டுபோனார். எவ்வளவு பெரிய மைதானமானாலும் நாலு டிரம் கொண்ட சின்னச் செட்தான். நேரம் கிடைத்தபோது ஜாஸையும் விடவில்லை. 1986-ல் முப்பது பேருக்கு மேல் சேர்த்து ஒரு பெரிய குழு. 1991-ல் ஐந்து பேர் கொண்ட குழுவோடு, பார்க்கரின் நினைவில் ஓர் ஆல்பம். பழைய பறவைப் புத்தகத்தையும் அதோடு சேர்த்து வெளியிட்டார். அந்தக் குழுவில் டபுள் பேஸ் வாசித்தவர் டேவ் கிரீன். அதே பக்கத்து வீட்டுப் பையன். 2021 ஆகஸ்டில் வாட்ஸ் இறந்தபோது வயது எண்பது.

மாமா ஒன்றும் சொல்லவில்லை. கட்டில் சட்டத்தில் விரலால் தட்டிப் பார்த்தார். இரண்டாவது அடியில் வலது கையைத் தூக்க முயன்றார். பழகிய கை கேட்கவில்லை, கூடவே விழுந்தது. மறுபடி தட்டினார்.

"இன்னொரு தடவ போடுறா" என்றார்.