எங்கே தங்குவது? மதீனா சந்தித்த முதல் கேள்வி



வாடகை ஒப்பந்தத்தின் 11 மாதங்கள் முடியப்போகின்றன என்றால் குடும்பத் தலைவரின் உறக்கம் கெடத் தொடங்கும். வீட்டுக்காரர் வாடகையை உயர்த்துவாரா, காலி செய்யச் சொல்வாரா, கொடுத்த முன்பணம் பிடித்தமின்றித் திரும்பி வருமா என்று மனம் கணக்குப் போடும். புதிய வீட்டிற்குப் பக்கத்தில் பள்ளிவாசல் இருக்குமா, பிள்ளைகளின் பள்ளிக்கூடமும் மத்ரஸாவும் தொலைவாகிவிடுமா என்பவை அடுத்த கவலைகள். பெயரைச் சொன்ன மறுகணமே, அந்த வீடு ஏற்கெனவே பேசி முடிந்துவிட்டது என்ற பதிலைக் கேட்டுத் திரும்பியவர்களும் நம்மிடையே உண்டு.

இந்தக் கவலை ஈமானின் குறைவு என்று எண்ணிச் சிலர் வெளியே சொல்லவும் கூசுகிறார்கள். ஆனால் நம் வரலாற்றைத் திருப்பிப் பார்த்தால், முஸ்லிம் சமூகம் ஒரு சமூகமாக உருவான முதல் மாதங்களில் அது சந்தித்த பெரும் கேள்விகளுள் ஒன்று, வந்தவர்களை எங்கே தங்க வைப்பது என்பதே. அந்தக் கேள்வி எவ்வாறு தீர்க்கப்பட்டது என்பதை இக்கட்டுரையில் காண்போம்.

பூட்டிய வீடுகள்

கி.பி. 622-இல் ஹிஜ்ரத் நிகழ்ந்தது. மக்காவிலிருந்து புறப்பட்டவர்கள் பயணத்திற்குத் தேவையானதை மட்டுமே சுமந்து சென்றார்கள். வீடும் வணிகமும் உறவும் பின்னால் நின்றன. ஸுஹைப் (ரலி) அவர்கள் தாம் ஈட்டிய செல்வம் முழுவதையும் குறைஷியரிடம் விட்டுக்கொடுத்த பின்னரே மக்காவை விட்டு வெளியேற முடிந்தது.

ஜஹ்ஷ் குடும்பத்தார் ஆண், பெண், குழந்தைகள் அனைவருமாகப் புறப்பட்டுவிட்டதால் அவர்களுடைய வீடு ஆளில்லாமல் கிடந்தது. அவ்வழியே சென்ற உத்பா இப்னு ரபீஆ, காற்றில் கதவுகள் அடித்துக்கொண்டிருப்பதைக் கண்டு பெருமூச்சு விட்டதாக இப்னு இஸ்ஹாக் பதிவு செய்திருக்கிறார். இஸ்லாத்தை எதிர்த்து நின்றவரையும் அந்த வெறுமை அசைத்திருக்கிறது. பின்னர் அந்த வீட்டை அபூஸுஃப்யான் விற்றுவிட்டார்.

அண்ணல் நபி (ஸல்) அவர்களுக்கும் இதே நிலைதான். ஹிஜ்ரி 8-ஆம் ஆண்டு மக்கா வெற்றி கொள்ளப்பட்டபோது, நாளை எங்கே தங்குவீர்கள் என்று உஸாமா (ரலி) கேட்டார்கள். அகீல் நமக்கு ஏதேனும் வீட்டை விட்டுவைத்திருக்கிறாரா என்ற பொருள்பட அண்ணலார் மறுமொழி கூறியதை ஸஹீஹ் புகாரியில் காண்கிறோம். அபூதாலிபின் சொத்துகள் அவருடைய புதல்வர் அகீலுக்குச் சென்று கைமாறியிருந்தன. பிறந்து வளர்ந்த ஊருக்கு வெற்றியாளராகத் திரும்பியவருக்கு அங்கே சொந்தமாக ஒரு கூரை இல்லை.

குபாவில் ஒரு தனியர் இல்லம்

அன்றைய யத்ரிப், மக்காவைப் போல் நெருக்கமாகக் கட்டப்பட்ட ஒரே நகரமாக இருக்கவில்லை. பேரீச்சந் தோப்புகளுக்கிடையே சிதறிக் கிடந்த குடியிருப்புகளின் தொகுதியாக அது இருந்தது. ஒவ்வொரு குலத்தாரும் தம் உறவினர் சூழ, தமக்கென உள்ள பகுதியில் வாழ்ந்தார்கள். அத்தகைய ஊரில் வெளியூரார் ஒருவர் நிலைகொள்வதற்கு உள்ளூரார் கதவைத் திறந்தாக வேண்டும்.

முதலில் வந்த முஹாஜிர்கள் பலர் குபாவில் இறங்கினார்கள். அண்ணலார் அவர்களும் அங்கேதான் முதலில் தங்கினார்கள். குல்ஸூம் இப்னுல் ஹித்ம் (ரலி) அவர்களின் இல்லம் அவர்களுக்குத் தங்குமிடமாயிற்று. ஆனால் பார்க்க வந்தவர்களைச் சந்திக்க ஸஅத் இப்னு கைஸமா (ரலி) அவர்களின் வீட்டில் வந்து அமர்வார்கள். ஸஅத் (ரலி) மணமாகாதவர். குடும்பமின்றித் தனியாக வந்த முஹாஜிர்கள் அவருடைய வீட்டிலேயே தங்கியிருந்தார்கள். ஆகவே அவ்வீட்டைத் தனியர் இல்லம் என்றே மக்கள் அழைத்ததாக இப்னு ஹிஷாம் எழுதுகிறார்.

வேலைக்காகவும் படிப்புக்காகவும் ஊர்விட்டு ஊர் செல்லும் நம் இளைஞர்கள், குடும்பம் இல்லாதவர்களுக்கு வீடு தருவதில்லை என்ற சொல்லை வாசலுக்கு வாசல் கேட்கிறார்கள். மதீனாவின் சமூகமோ தனியராக வந்தவர்களுக்கென்று ஒரு வீட்டை முதலிலேயே கண்டுகொண்டது. அந்த வீட்டில் அமர்ந்துதான் அல்லாஹ்வின் தூதர் மக்களைச் சந்தித்தார்கள்.

சீட்டுக் குலுக்கி ஏற்ற விருந்தினர்

முஹாஜிர்களை யார் வீட்டில் தங்க வைப்பது என்பதில் அன்ஸார்களிடையே போட்டி எழுந்தது. அதனால் சீட்டுக் குலுக்கித் தீர்மானித்தார்கள். அன்ஸாரிப் பெண்மணியான உம்முல் அலா (ரலி) அவர்கள், தங்கள் குடும்பத்திற்கு உஸ்மான் இப்னு மழ்ஊன் (ரலி) கிடைத்ததைத் தாமே அறிவிக்கிறார்கள். அவர் அந்த வீட்டில் நோயுற்றார். குடும்பத்தார் அவருக்குப் பணிவிடை செய்தார்கள். இறுதியில் அவருடைய உயிர் அங்கேயே பிரிந்தது. இடம் கொடுப்பது என்பதன் பொருள் ஓர் அறையின் சாவியைக் கொடுப்பதோடு முடியவில்லை. நோயிலும் மரணத்திலும் அந்த வீடு அவருடைய வீடாகவே இருந்தது.

புதிய ஊரின் தட்பவெப்பம் முஹாஜிர்களுக்கு ஒத்துக்கொள்ளவில்லை. அபூபக்ர் (ரலி), பிலால் (ரலி) ஆகியோர் காய்ச்சலில் படுத்தார்கள். காய்ச்சல் தணியும் வேளையில் பிலால் (ரலி) மக்காவின் பள்ளத்தாக்கையும் அங்கு முளைக்கும் புற்களையும் நினைத்து ஏங்கிப் பாடினார்கள். பாலை மணலில் பாறையைச் சுமந்தபோதும் தளராத பிலால்! அவருக்கும் ஊர் நினைவு வந்தது. அண்ணலார் அந்த ஏக்கத்தைக் கண்டிக்கவில்லை. மக்காவை நேசித்ததைப் போல மதீனாவையும் எங்களுக்கு நேசத்திற்குரியதாக ஆக்குவாயாக என்று இறைவனிடம் வேண்டினார்கள். வீடு மாறிய துக்கத்தில் பழைய தெருவை நினைத்து அழும் தாய்க்கும் குழந்தைக்கும் இதில் ஆறுதல் உண்டு.

கீழ்த்தளமும் மேல்தளமும்

குபாவிலிருந்து அண்ணலார் நகருக்குள் வந்தபோது ஒவ்வொரு குலத்தாரும் தம்மிடம் தங்குமாறு வேண்டினர். ஒருவரை ஏற்று மற்றவரை மறுப்பது பழைய குலப்பகைகள் ஆறாத ஊரில் எளிதன்று. ஒட்டகம் கட்டளையிடப்பட்டது, அதன் வழியே விட்டுவிடுங்கள் என்று கூறிவிட்டார்கள். ஒட்டகம் அமர்ந்த இடம், ஸஹ்ல், ஸுஹைல் என்ற அநாதைச் சிறுவர் இருவருக்குச் சொந்தமான, பேரீச்சம்பழம் உலர்த்தும் களம். பள்ளிவாசலுக்காக அதை இலவசமாகவே தருகிறோம் என்று அச்சிறுவர்கள் சொன்னபோதும் அண்ணலார் விலைக்கே வாங்கினார்கள்.

கட்டடப் பணி முடியும்வரை அருகிலிருந்த அபூ அய்யூப் அல்அன்ஸாரி (ரலி) அவர்களின் இல்லத்தில் தங்கினார்கள். 7 மாதங்கள் என்பது இப்னு ஸஅத் தரும் கணக்கு. பார்க்க வருவோருக்கு வசதி என்பதால் அண்ணலார் கீழ்த்தளத்தை விரும்பினார்கள். மேலே இருந்த அபூ அய்யூப் (ரலி) அவர்களுக்கோ மனம் ஒப்பவில்லை. அல்லாஹ்வின் தூதருடைய தலைக்கு மேல் நடக்கிறோமே என்று நள்ளிரவில் எண்ணி, குடும்பத்தோடு ஒரு மூலையில் ஒதுங்கி இரவைக் கழித்தார்கள். ஒருமுறை தண்ணீர்ச் சாடி உடைந்துவிட்டது. நீர் கீழே சொட்டிவிடுமோ என்று அஞ்சி, தம்மிடமிருந்த ஒரே போர்வையால் கணவனும் மனைவியும் அதை ஒற்றி எடுத்தார்கள். இறுதியில் அவர்களுடைய வேண்டுகோளை ஏற்று அண்ணலார் மேல்தளத்திற்கு மாறினார்கள்.

ஒரே கூரையின் கீழ் இரு குடும்பங்கள் வாழும்போது எழும் சங்கடங்களை இந்த நிகழ்ச்சியில் அப்படியே பார்க்கிறோம். காலடி ஓசை, ஒழுகும் தண்ணீர், வந்து போகும் விருந்தினர். இன்றைக்கு மேல்வீட்டாருக்கும் கீழ்வீட்டாருக்கும் சண்டை மூள்வதும் இவற்றால்தான். அங்கே விருந்தினர் வீட்டாரின் வசதியை எண்ணினார். வீட்டார் விருந்தினரின் கண்ணியத்தை எண்ணினார்கள்.

கொடுத்தவரும் பெற்றவரும்

விருந்தோம்பல் சில நாள்களுக்குப் போதும். ஆண்டுக்கணக்கில் தொடர்ந்தால் தருபவருக்குச் சலிப்பும் பெறுபவருக்குக் கூச்சமும் வரும். இதற்கான விடையாகவே முஹாஜிர் ஒருவரையும் அன்ஸாரி ஒருவரையும் சகோதரர்களாக இணைக்கும் ஏற்பாட்டை அண்ணலார் செய்தார்கள். இவ்வாறு இணைக்கப்பட்டவர்கள் மொத்தம் 90 பேர் என்றும் 100 பேர் என்றும் குறிப்புகள் உள்ளன.

தம் செல்வத்தில் பாதியைத் தர முன்வந்த ஸஅத் இப்னு ரபீஉ (ரலி) அவர்களுக்காக துஆச் செய்துவிட்டு, சந்தைக்கு வழி கேட்ட அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃப் (ரலி) அவர்களை நாம் அறிவோம். கைனுகா சந்தைக்குச் சென்ற அவர் பாலாடைக்கட்டியும் நெய்யும் ஈட்டித் திரும்பினார். நாள்கள் சில செல்ல, தம் உழைப்பில் மஹர் கொடுத்து மணமும் முடித்தார்.

அதிகம் பேசப்படாத மற்றொரு நிகழ்ச்சி உண்டு. தங்கள் பேரீச்ச மரங்களை முஹாஜிர்களுக்கும் பங்கிட்டுத் தருமாறு அன்ஸார்கள் அண்ணலாரிடம் வேண்டினார்கள். அவர்கள் மறுத்துவிட்டார்கள். பின்னர், தோட்ட வேலையில் பங்கேற்று விளைச்சலைப் பகிர்ந்துகொள்வது என்று முடிவாயிற்று. மண் உரியவரிடமே இருந்தது. வந்தவருக்கு உழைப்பும் உணவும் கிடைத்தன.

சிலர் சில மரங்களைப் பயன்படுத்திக்கொள்ளக் கொடுத்தும் இருந்தார்கள். ஹிஜ்ரி 7-இல் கைபருக்குப் பின் முஹாஜிர்களின் நிலை சீரானதும் அம்மரங்கள் உரியவர்களிடம் திருப்பித் தரப்பட்டன. அனஸ் (ரலி) குடும்பத்தார் கொடுத்திருந்த மரங்கள் அண்ணலாரை வளர்த்த உம்மு அய்மன் (ரலி) அவர்களிடம் இருந்தன. அவர் தர மறுத்தார்கள். அண்ணலார் அந்த மூதாட்டியைக் கடிந்துகொள்ளாமல், அதற்கு ஈடாகத் தருவதைக் கூட்டிக்கொண்டே போய், ஏறத்தாழ 10 மடங்கு தந்து அம்மரங்களை மீட்டு உரியவரிடம் ஒப்படைத்தார்கள். பல ஆண்டுகளாகியும் அது பிறர் உடைமை என்பது மறக்கப்படவில்லை. காலி செய்யும் நாளில் முன்பணத்தைப் பிடித்துக்கொள்ளும் வீட்டுக்காரரும், நெடுநாள் இருந்துவிட்டோம் என்பதற்காகக் காலி செய்ய மறுக்கும் குடியிருப்பவரும் நினைவில் கொள்ள வேண்டிய நிகழ்ச்சி இது.

கேட்கும் முன்பே திறந்த கதவு

காலப்போக்கில் அண்ணலார் முஹாஜிர்களுக்கு வீட்டு மனைகளை வகுத்துத் தந்தார்கள். அன்ஸார்கள் தம்மிடம் எஞ்சிய நிலங்களை அதற்காகக் கொடுத்தார்கள். வீடும் உறவும் அற்றவர்களுக்குப் பள்ளிவாசலிலேயே நிழலிட்ட ஒரு பகுதி ஒதுக்கப்பட்டது. அதுவே திண்ணைத் தோழர்களின் ஸுஃப்பா. அபூஹுரைரா (ரலி) போன்ற பெரும் கல்வியாளர் உருவான இடம் அது.

ஃபாத்திமா (ரலி) அவர்களின் திருமணத்திற்குப் பின் மணமக்கள் குடியேறிய வீடு சற்றுத் தொலைவில் இருந்தது. மகளை அருகில் வைத்துக்கொள்ள அண்ணலார் விரும்பினார்கள். பள்ளிவாசலை ஒட்டி ஹாரிஸா இப்னு நுஃமான் (ரலி) அவர்களுக்கு வீடுகள் இருந்தன. முன்னரே அவர் பலமுறை இடம் விட்டுக்கொடுத்திருந்ததால் மீண்டும் கேட்க அண்ணலார் வெட்கப்பட்டார்கள். செய்தி எட்டியதும் ஹாரிஸா (ரலி) தாமாகவே வந்து, தங்களிடமிருந்து எடுத்துக்கொள்ளப்படுவதே தங்களிடம் விட்டுவைக்கப்படுவதைவிட உவப்பானது என்று கூறி வீட்டைத் தந்தார்கள். கேட்பவருக்கு வெட்கம் இருந்தது. கொடுப்பவர் அந்த வெட்கத்தை அறிந்திருந்தார்.

அருகில் வீடு கிடைக்காதவர்களுக்கும் ஒரு செய்தி உண்டு. பள்ளிவாசலைச் சுற்றி இடம் காலியானபோது, தொலைவில் வாழ்ந்த பனூ ஸலிமா குலத்தார் அங்கே குடிபெயர எண்ணினார்கள். அண்ணலார் அவர்களைத் தம் இல்லங்களிலேயே இருக்கச் சொல்லி, அவர்கள் எடுத்து வைக்கும் ஒவ்வோர் அடியும் பதியப்படுவதை எடுத்துரைத்தார்கள். ஊரின் எல்லைப் பகுதி வெறுமையாவதையும் அவர்கள் விரும்பவில்லை.

அன்பு வாசகர்களே, மதீனாவில் வீட்டுப் பிரச்சினை ஒரே நாளில் தீரவில்லை. விருந்தில் தொடங்கி, உழைப்பில் பங்கு, மனை, சொந்த வீடு, பெற்றதைத் திருப்பித் தருதல் என ஆண்டுக்கணக்கில் படிப்படியாகத் தீர்ந்தது. அதை வீடற்றவரின் சொந்தக் கவலையாக ஒதுக்கிவிடாமல், வீடுள்ளவர்களும் தம் கவலையாக ஏற்றுக்கொண்டார்கள். தீர்வின் வேர் அதில்தான் இருந்தது.

நம் மஹல்லாவில் மாடி காலியாக உள்ள வீடுகள் எத்தனை, வீடு தேடி அலையும் குடும்பங்கள் எத்தனை என்று ஜமாஅத்தார் ஒரு வெள்ளிக்கிழமை உட்கார்ந்து பேசினால் போதும், பல குடும்பங்களின் அலைச்சல் குறையும். விதவைக்கும் தனியாக வந்த மாணவனுக்கும் ஒரு கதவாவது திறக்கும். வீடு கொடுப்பவர் ஹாரிஸாவை நினைக்கட்டும். வீடு பெறுபவர் சந்தைக்கு வழி கேட்ட அப்துர் ரஹ்மானை நினைக்கட்டும்.

விசாலமான இல்லத்தையும் நல்ல அண்டை வீட்டாரையும் அல்லாஹ் நம் அனைவருக்கும் அருள்வானாக. நம்மையும் பிறருக்கு நல்ல அண்டை வீட்டாராக ஆக்குவானாக. ஆமீன்.